ஆற்றுநீர்ப் பொருள்கோள்: எதிர்பாராததை நிறுவனங்கள் எப்படி வாசிக்கின்றன

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழுந்தது: “இதை யாருமே எதிர்பார்க்கல சார்.” மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் அதற்குத் தலையாட்டினார்கள். நானும்கூட இரண்டொரு இடத்தில் ஆட்டியிருப்பேன். இலக்கணப்படி பார்த்தால் அந்த வாக்கியத்தின் எழுவாய் ‘யாரும்’. இந்த ‘யாரும்’ என்பதற்குள் யார் அடக்கம், யார் வெளியே என்பது சாதாரணக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நிறுவனம் நிச்சயமின்மையை எப்படி எதிர்கொள்கிறது என்பதன் முழு அரசியலும் அந்தச் சொல்லுக்குள்தான் கிடக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி. குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. அது புயல் கிடையாது. ஆகவே அதற்குப் பெயர் கிடையாது. துறைமுகக் கூண்டு எண்ணை வைத்துப் பயத்தை அளந்து பழகிய ஜனங்களுக்கு அளவுகோல் எதுவும் கிடைக்கவில்லை. அன்று காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணிவரை காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தின் வருஷ சராசரியே 70 செ.மீ.க்குள்தான். தாமிரபரணியில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போயிற்று. ஏரல் தீவாயிற்று. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடியை மூழ்கடித்தது. கொக்கிரகுளத்தில் ஆற்றையொட்டி இருக்கிற மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. வெள்ளத்தை நிர்வகிக்க வேண்டிய இடத்தையே வெள்ளம் நிர்வகித்தது என்று அப்போது வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியிருந்தது. அரசு எந்திரத்தின் கண்கள் இன்னும் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சென்னை நனைந்தால்தான் தமிழ்நாடு நனைந்ததாக அர்த்தம் என்பது நம்முடைய பழைய மனத்தாங்கல். அதை இங்கே நீட்ட விரும்பவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு வந்தது இன்னொரு வெள்ளம், அறிக்கைகளின் வெள்ளம். டிசம்பர் 12ஆம் தேதியே வானிலை ஆய்வு மையம் தென்மாவட்டங்களுக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டது என்றார் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். சிவப்பு எச்சரிக்கை 17ஆம் தேதிதான் வந்தது, அதுவும் பெய்த மழை சொன்னதைவிடப் பல மடங்கு என்றது மாநில அரசு. ‘சொன்னோம்’ என்பது ஒரு தரப்பு, ‘இவ்வளவு என்று சொல்லவில்லையே’ என்பது மறு தரப்பு. பத்திரிகைகள் இதைக் கட்சிச் சண்டையாக எழுதி முடித்துக்கொண்டன. கட்சிச் சண்டைதான், மறுக்கவில்லை. ஆனால் இரு தரப்புமே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை: எச்சரிக்கை என்பது மேலேயிருந்து கீழே வருகிற ஒரு கடிதம், அது வந்து சேர்ந்ததா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. கடிதத்தில் எழுதியிருந்த சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இருவருமே கேட்கவில்லை.

அந்தச் சொல்லைப் பார்ப்போம். வானிலைத் துறையின் அகராதியில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேல் போனால் அதி கனமழை. அதற்கு மேல்? மேலே எதுவும் இல்லை. 21 செ.மீ.யும் அதி கனமழை, 95 செ.மீ.யும் அதி கனமழை. கூரை இல்லாத வீடு மாதிரி அந்தச் சொல் மேலே திறந்து கிடக்கிறது. 21 செ.மீ. மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்கள். 95 செ.மீ. மழையில் ரயில் பாதையின் அடிமண் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கும். இரண்டுக்கும் ஒரே குறிப்பான். குறிப்பீடோ வருஷா வருஷம் பழக்கத்தால் கீழே இறங்கி ‘லீவு விடுகிற மழை’ என்பதில் வந்து நின்றுவிட்டது. அமைப்பியலை நாமெல்லாம் கவிதைக்கும் சிறுகதைக்கும் போட்டுப் பார்த்ததோடு சரி. சுற்றறிக்கைகளுக்குப் போட்டுப் பார்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் பிரயோஜனப்பட்டிருக்கும்.

இந்த இடத்தில் கார்ல் வெய்க் என்ற அமெரிக்க அமைப்புக் கோட்பாட்டாளரை அழைத்து வர வேண்டியிருக்கிறது. நிறுவனங்கள் முதலில் யோசித்துப் பிறகு செயல்படுவதில்லை, செயல்பட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்து அதற்கு அர்த்தம் கற்பித்துக்கொள்கின்றன என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. இதை அர்த்தப்படுத்தல் எனலாம். 1993இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை 1949 ஆகஸ்ட் 5ஆம் தேதி மொன்டானா மாகாணத்தில் மான் கல்ச் என்ற மலைச்சரிவில் நடந்த காட்டுத்தீ விபத்தைப் பற்றியது. விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துத் தீயணைக்கிற 15 பேர், தரையிலிருந்து வந்து சேர்ந்த வனக்காவலர் ஒருவர், ஆக 16 பேர். அதில் 13 பேர் செத்துப்போனார்கள். அவர்கள் வந்தபோது அது ‘பத்து மணி நெருப்பு’ என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது. அதாவது மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்துவிடக்கூடிய ரகம். பெயர் வைத்தாயிற்று. பிறகு கண்ணில் பட்டதெல்லாம் அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கியது. தலைவர் டாட்ஜ் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார். தலைவரே சாப்பிடுகிறார் என்றால் பெரிய நெருப்பில்லை என்று அர்த்தம். இன்னொருவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நெருப்பு திடீரென்று பள்ளத்தாக்கைத் தாண்டி அவர்களை நோக்கித் திரும்பியபோது டாட்ஜ் யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார்: எதிரே இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்தார், எரிந்து முடிந்த சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டார், மற்றவர்களையும் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. ஆளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். அவரும் மேட்டை நோக்கி ஓடிய இன்னும் இருவரும் பிழைத்தார்கள்.

நெருப்பு கொல்வதற்கு முன்னால் அந்தக் குழுவை அர்த்தச் சிதைவு கொன்றுவிட்டது என்பது வெய்க்கின் வாசிப்பு. பழைய பெயர் உடைந்தது, புதிய பெயர் கிடைக்கவில்லை, ஒருவர் செய்வது மற்றவருக்குப் புரியவில்லை. ஒரு நிறுவனம் அந்த நிமிஷத்தில் தனித்தனி ஆட்களாக உதிர்ந்துபோகிறது.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதையெல்லாம் கேட்கும்போது நன்னூல் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. செய்யுளில் சொற்களை எந்த வரிசையில் கூட்டிப் பொருள் கொள்ள வேண்டும் என்பதற்கு நன்னூல் எட்டு வகைப் பொருள்கோள் சொல்கிறது. அதில் முதலாவது ஆற்றுநீர்ப் பொருள்கோள். ஆற்று நீர் மேலேயிருந்து கீழே ஓடுவதுபோலச் சொற்கள் கிடந்த வரிசையிலேயே பொருள் இறங்கிக்கொண்டு போகும். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கொண்டுகூட்டு என்று இன்னொன்று உண்டு. அதில் எங்கெங்கோ கிடக்கிற சொற்களை எடுத்து வந்து சேர்த்தால்தான் பொருள் பிறக்கும். நம்முடைய நிர்வாகம் பேரிடரை ஆற்றுநீர் முறையில் மட்டுமே வாசிக்கக் கற்றிருக்கிறது. டில்லி, சென்னை, ஆட்சியர், கோட்டாட்சியர், தாசில்தார், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர், தலையாரி. பொருள் மேலே உற்பத்தியாகிறது, கீழே வந்து சேர்கிறது. தலையாரி பார்த்த ஒரு விஷயம் மேலே போக வேண்டுமென்றால் ஆறு தலைகீழாக ஓட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் நிஜமான ஆற்றையும் இவர்கள் அப்படியேதான் வாசித்தார்கள். திருநெல்வேலிக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் அணை. காலையில் பேப்பரைப் பிரித்தால் பாபநாசம் இத்தனை அடி, சேர்வலாறு இத்தனை, மணிமுத்தாறு இத்தனை என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கும். பாபநாசத்துக்கு 143 அடி, சேர்வலாறுக்கு 156, மணிமுத்தாறுக்கு 118 என்பது இங்கே குழந்தைக்கும் மனப்பாடம். வெள்ளம் என்பது மலையில் பிறந்து, அணையில் தங்கி, ஷட்டர் வழியாக இறங்கி, ஊருக்குள் வருவது. இதுதான் நம் மண்டைக்குள் இருக்கிற வரைபடம். 1992 நவம்பர் 13 வெள்ளம் அப்படித்தான் வந்தது. மாஞ்சோலை மலையில் காக்காச்சியில் அன்று 96 செ.மீ. பதிவாயிற்று. எனக்கு அப்போது ஒரு வயது. ஆனால் அம்பாசமுத்திரத்து உறவினர்கள் வாயால் கேட்டுக் கேட்டு அந்த வெள்ளத்தை நானே பார்த்த மாதிரி இருக்கும்.

2023இல் மாஞ்சோலையிலும் பெருமழைதான், அணைகளிலிருந்தும் தண்ணீர் வந்தது. ஆனால் மழையின் உச்சம் விழுந்த இடம் அணைகளுக்குக் கீழே, ஆற்றின் கடைமடையில், கடலோரத்தில், தேரி மண்ணில். தண்ணீரே இல்லாத சீமை என்று பெயர் வாங்கின இடத்தில். அணை மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது கண்ணில் படாது. வெள்ளம் காலிலிருந்து தலைக்கு ஏறியது என்று சொல்லலாம். அணையின் நீர்மட்டம் அடி கணக்கில் துல்லியமாகத் தெரிந்த ஒரு மாவட்டத்துக்கு, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகால், தென்கால் இரண்டிலும் தண்ணீர் வாங்குகிற 53 குளங்களில் எது எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது அந்த ராத்திரி யாருடைய மேசையிலும் ஒரு கட்டமாக இல்லை. குளங்களோ சங்கிலி. ஒன்றின் மறுகால் அடுத்ததின் வரத்து. முதல் குளம் உடைந்தால் அடுத்த குளத்துக்கு வருவது மழையல்ல, சுவர் மாதிரி ஒரு தண்ணீர். சார்ல்ஸ் பெரோ என்ற சமூகவியலாளர் 1984இல் அணு உலைகளையும் ரசாயன ஆலைகளையும் வைத்து ‘இறுக்கமான பிணைப்பு’ என்று ஒரு கருத்தைச் சொன்னார்: ஒரு பாகத்தின் பிசகு அடுத்த பாகத்துக்குத் தாவ இடைவெளியே இல்லாத அமைப்புகளில் விபத்து என்பது விதிவிலக்கல்ல, இயல்பு. அவர் நம்முடைய குளத்துச் சங்கிலியைப் பார்த்திருந்தால் ஒரு அத்தியாயம் கூடுதலாக எழுதியிருப்பார்.

அதே ராத்திரி, அதே ஸ்ரீவைகுண்டத்தில், இன்னொரு நிறுவனம் வேறு மாதிரி வாசித்தது. அதை விரிவாகவே பார்க்க வேண்டும்.

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பது மணியைத் தாண்டி ஸ்ரீவைகுண்டம் வந்தது. சுமார் 800 பயணிகள். செய்துங்கநல்லூர் போகிற வழியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப் போகிறது என்ற தகவல் வர, நிலைய அதிகாரி வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டார். விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மறுநாள் அந்தரத்தில் தொங்கின தண்டவாளப் படங்கள் சொல்லின. பத்திரிகைகள் இதை ஒரு தனிமனிதரின் சமயோசிதமாக எழுதின. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் தனிமனிதரின் புத்திசாலித்தனத்தோடு நிறுத்திக்கொண்டால் விஷயம் தப்பிப்போய்விடும். அந்த மனிதருக்கு வண்டியை நிறுத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான் முக்கியம்.

ரயில்வேயைப் போல மேல் கீழ் வரிசை இறுகிப்போன நிறுவனம் இந்தியாவில் அபூர்வம். வெள்ளைக்காரன் போட்ட சட்டை இன்னும் கழற்றப்படவில்லை. ஆனாலும் அதன் விதிப்புத்தகத்துக்குள் ஒரு விசித்திரமான ஜனநாயகம் ஒளிந்திருக்கிறது. பாதையில் ஆபத்தைப் பார்த்த கடைசிப்படி ஊழியன், கேட் கீப்பரோ, கீமேனோ, மழைக்காலத்தில் லாந்தரோடு நடக்கிற ரோந்துக்காரனோ, சிவப்பு விளக்கைக் காட்டினால் எவ்வளவு பெரிய அதிகாரி உள்ளே உட்கார்ந்திருந்தாலும் வண்டி நிற்க வேண்டும். சிக்னல் அணைந்திருந்தால், அரைகுறையாகத் தெரிந்தால், இருப்பதிலேயே கடுமையான அர்த்தத்தை அதற்குக் கொடுக்க வேண்டும். அதாவது நிச்சயமின்மைக்கே ஒரு அர்த்தம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கிறது: நில். வருவாய்த் துறையில் சந்தேகம் வந்தால் ‘மேலே கேள்’. ரயில்வேயில் சந்தேகம் வந்தால் ‘நில்’.

இந்த ஞானம் சும்மா வந்துவிடவில்லை. 1956 நவம்பர் 23, அதிகாலை. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலத்தோடு போயிற்று. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருஷம் சில மாதம் முன்னால் மெகபூப்நகரிலும் பாலம் உடைந்து நூற்றுக்கு மேல் சாவு. லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தது அரியலூருக்குப் பிறகுதான். அவருடைய ராஜினாமாவை நாம் பள்ளிப் பாடத்தில் ஒழுக்கக் கதையாகப் படித்தோம். எனக்கென்னவோ ராஜினாமாவைவிட, மழைக்காலத்தில் எந்தப் பாலத்தில் காவலாள் நிற்க வேண்டும், எந்த மைல் முதல் எந்த மைல் வரை யார் நடக்க வேண்டும் என்று எழுதி வைக்கிற அலுப்பூட்டும் பட்டியல்கள் மேலானவையாகத் தெரிகின்றன. சாவுகளின் நினைவை ஒரு நிறுவனம் அப்படித்தான் சுமக்க முடியும், ஒரு கூலிக்காரனின் நடைக் கடமையாக.

அதோடு ரயில்வேயைக் கொண்டாடிவிட்டுப் போய்விடவும் முடியாது. வண்டியை நிறுத்துவது வரைக்கும் விதிப்புத்தகத்தில் இருந்தது. நிறுத்திய பிறகு நாலு பக்கமும் தண்ணீருக்கு நடுவே பிளாட்பாரத்தில் நிற்கிற ஐந்நூறு பேரை என்ன செய்வது என்று அதில் இல்லை. முந்நூறு பேர் போல அருகில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர, மீதிப் பேர் 19ஆம் தேதி வரை அங்கேயே கிடந்தார்கள். பேரிடர் மீட்புப் படையும் ஹெலிகாப்டரும் வந்து சேருவதற்குள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி கிராமத்து ஜனங்கள். கோயிலில் அடுப்பு மூட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர்தான். ஏரல் பக்கம் ஆட்களை மீட்கக் கடற்கரையிலிருந்து மீனவர்கள் படகுகளோடு வந்தார்கள். பிற்பாடு அறிக்கைகளில் இவர்களெல்லாம் ‘பயன்படுத்தப்பட்ட படகுகள்’, ‘வழங்கப்பட்ட உணவுப் பொட்டலங்கள்’ என்று எண்ணிக்கையாக மாறினார்கள். வினைமுற்று செயப்பாட்டுவினையாக மாறும்போது எழுவாய் எங்கே போகிறது என்று மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

வெள்ளத்துக்குப் பிந்தைய வாரம் நண்பர்களோடு அந்தப் பக்கத்துக் குளக்கரை ஒன்றில் போய் நின்றபோது, ஒரு காலத்தில் நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர் ஒருவர் உடைப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும்.

“அன்னைக்கு முன்னாலயே தெரிஞ்சுதாய்யா?” என்று கேட்டேன்.

“தெரியாம என்ன தம்பி. பொழுதடையவே மறுகால்ல தண்ணி சத்தம் மாறிட்டு. மடையத் தொறந்து விட்டுருந்தா கரைக்குக் கொஞ்சம் பாரம் கொறஞ்சிருக்கும். நான் தொறக்கலாமா? போன் போட்டா ‘மேல கேட்டுட்டுச் சொல்லுதேன்’ங்காவ. மேல கேக்கதுக்குள்ள கீழ போயிட்டு.”

அவர் சொன்னதைப் பெரிய தத்துவமாக்க எனக்கு இஷ்டமில்லை. ஒரு மடையைத் திறந்திருந்தால் 62 செ.மீ. மழை நின்றுவிடாது. ஆனால் தண்ணீர் சத்தம் மாறியதைக் கேட்ட காதுக்கும் சாவிக்கும் நடுவில் எத்தனை படி என்பதை அவர் சரியாக எண்ணி வைத்திருந்தார். ‘யாருமே எதிர்பார்க்கல’ என்ற வாக்கியத்தின் எழுவாய்க்குள் அவர் இல்லை.

இந்த இடத்தில் பாரம்பரிய அறிவு, குடிமராமத்து, பொற்காலம் என்று ஒரு பாட்டு எடுத்துவிடுவது நம் ஆட்களுக்கு வாடிக்கை. நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்ற பெயர்களையெல்லாம் இப்போது சூழலியல் கூட்டங்களில் உருகி உருகிச் சொல்கிறார்கள். அந்த வேலை எந்தச் சாதியின் தலையில் கட்டப்பட்டது, வெள்ளத்தில் முங்கி மடையைத் திறந்து செத்தவன் யார், விளைந்த நெல் எந்தத் தெருவுக்குப் போயிற்று என்று கேட்டால் சுருதி குறையும். குடிமராமத்து உழைப்பைச் சட்டத்தால் கட்டாயமாக்க 1858லேயே கம்பெனி அரசு ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அது எவ்வளவு மனமுவந்த கூட்டுறவு என்று தெரியும். மடைக்குடும்பனுக்கு அறிவு இருந்தது, ஆபத்தும் இருந்தது. ஊர்க்கூட்டத்தில் உட்கார இடம் இருந்ததா? பிறகு பொதுப்பணித் துறை வந்தது. சாவியும் அதிகாரமும் அலுவலகத்துக்குப் போயின. அறிவு மட்டும் கரையிலேயே அனாதையாக நின்றுவிட்டது. பழைய அமைப்பு அவனை அடக்கி வைத்துப் பயன்படுத்தியது, புதிய அமைப்பு அவனைப் பயன்படுத்தவேயில்லை. இரண்டிலும் அவன் சொல்வதற்கு எடை கிடையாது.

வெய்க்கிடம் எனக்குள்ள மனக்குறையும் இதுதான். அர்த்தம் எப்படிச் சிதைகிறது என்று அழகாகச் சொல்கிறார். யாருடைய அர்த்தம் அர்த்தமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது என்று அவ்வளவு அழுத்திக் கேட்பதில்லை. 1988இல் போபாலைப் பற்றியும் அவர் எழுதினார். அந்த ஆலை நிர்வாகத்தின் கண்ணில் முக்கியமற்றதாகிப்போனதும் ஆட்களும் பராமரிப்பும் எப்படிக் குறைந்தன, கடைசியில் ஆபத்தைப் புரிந்துகொள்கிற திறனே எப்படி அங்கே வற்றிப்போயிற்று என்று காட்டினார். சரிதான். ஆனால் அதே யூனியன் கார்பைடு, அதிருப்தி கொண்ட ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டிக்குள் தண்ணீரை விட்டார் என்ற கதையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தது. இதுவும் அர்த்தப்படுத்தல்தானே? நடந்துமுடிந்த பிறகு நிறுவனம் செய்கிற அர்த்தப்படுத்தல், புரிந்துகொள்வதற்கானதா, தப்பிப்பதற்கானதா? மேலாண்மைப் பள்ளிகள் முதல் பாதியை மட்டும் பாடமாக வைக்கின்றன.

நமக்குப் போபால் வரை போக வேண்டியதில்லை. அதே கொக்கிரகுளம், அதே ஆட்சியர் அலுவலகம், அதே ஆற்றங்கரை, 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளோடும், சிறையிலிருந்த 652 பேரை விடுவிக்கச் சொல்லியும் மனு கொடுக்க வந்த ஊர்வலம். தடியடி. ஆற்றுக்குள் விரட்டப்பட்ட ஜனங்களில் 17 பேர் பிணமாக மிதந்தார்கள், ஒரு கைக்குழந்தை உட்பட. அன்று மாவட்ட நிர்வாகத்திடம் தயாராக இருந்த சொல் ‘கூட்டம்’ ஒன்றுதான். மனு என்று வாசிக்க அதனிடம் இலக்கணம் இருக்கவில்லை. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் வந்தது. ‘மூழ்கிச் செத்தார்கள்’ என்ற வாக்கியம் எவ்வளவு வசதியானது பாருங்கள். ஆறுதான் எழுவாய். விரட்டியவர் வாக்கியத்திலேயே இல்லை. வெள்ளத்தையும் படுகொலையையும் ஒன்றாக்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒன்று இயற்கை, மற்றது ஆயுதம். இரண்டுக்கும் பிறகு எழுதப்பட்ட உரைநடை ஒரே கையெழுத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

நன்னூல் சொல்கிற இன்னொரு பொருள்கோள் அளைமறிபாப்பு. புற்றுக்குள் நுழைகிற பாம்பு தலையை மடித்துத் திரும்புவதுபோல, கடைசியில் வருகிற சொல் முன்னால் போய்ப் பொருந்திப் பொருள் தரும். பேரிடருக்குப் பிந்தைய அறிக்கைகள் எல்லாமே இந்த வகை. கடைசியில் வருகிற ‘வரலாறு காணாத’ என்ற சொல் முன்னால் போய் எல்லா முடிவுகளையும் நியாயப்படுத்திவிடுகிறது. வரலாறு காணாததா? 1992இல் இதே ஆற்றின் தலைமாட்டில் 96 செ.மீ. கண்டது வரலாறு இல்லையா? 2017 நவம்பர் கடைசியில் இதே குமரிக்கடலில் ஒக்கி ஒரே நாளில் புயலாக வலுத்தது வரலாறு இல்லையா? அப்போது எச்சரிக்கை கரையில் இருந்தது, மீனவர்கள் வாரக்கணக்காக ஆழ்கடலில் இருந்தார்கள். அனுப்பப்பட்ட சொல்லுக்குக் காது இருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்பியதைக் கணக்கில் எழுதிக்கொள்வது அன்றைக்கே நடந்ததுதான்.

நம்முடைய இயக்கங்களும் இந்த நோய்க்கு விலக்கல்ல. வெள்ளம் வடிவதற்குள் துண்டறிக்கை வந்துவிட்டது: மணல் கொள்ளை, ஆக்கிரமிப்பு, காலநிலை மாற்றம், ‘நாங்கள் அப்போதே சொன்னோம்’. மூன்றும் உண்மை. தாமிரபரணி மணலுக்காக நல்லகண்ணு மதுரைக் கிளையில் தானே நின்று வாதாடி 2010இல் தடை வாங்கினதை நான் எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறேன். ஆனால் எந்த நிகழ்வு வந்தாலும் பையிலிருந்து அதே பதிலை எடுக்கிற இயக்கம், எந்த மழை வந்தாலும் ‘அதி கனமழை’ என்று எழுதுகிற அலுவலகத்திலிருந்து எந்த வகையில் வேறு? அந்த ராத்திரி என்ன புதிதாக நடந்தது என்று கேட்டு, கடைமடையில் போய் உட்கார்ந்து எழுதிவந்த ஒரு அறிக்கைகூட என் கைக்கு வரவில்லை.

எதிர்பாராததை எதிர்பார்ப்பது என்றால் என்ன என்று நண்பர்கள் கேட்கும்போது நான் குறுக்குத்துறையைக் காட்டுகிறேன். எனக்குப் பக்தி கிடையாது, கட்டடத்தைத்தான் காட்டுகிறேன். ஆற்றுக்குள்ளேயே பாறையில் கட்டின முருகன் கோயில். பெருவெள்ளம் வந்தால் முழுகும், முழுகும் என்று தெரிந்தே கட்டியது. தண்ணீரை எதிர்த்து நிற்காமல் கிழித்து வழிவிடும்படி முகப்பைப் படகின் மூக்கு மாதிரி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஏறினால் உற்சவரையும் உண்டியலையும் தூக்கிக்கொண்டு கரையில் இருக்கிற மேலக்கோயிலுக்குப் போய்விடுவார்கள். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுத் திரும்புவார்கள். எத்தனை செ.மீ. என்று அந்த ஏற்பாடு கேட்பதில்லை. எதைத் தூக்க வேண்டும், யார் தூக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்பது மட்டும் முடிவாகியிருக்கிறது. மழையை முன்கூட்டிச் சொல்கிற திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாமிக்கு இருக்கிற இந்த ஏற்பாடு ஏரல் தெருவில் படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஒரு கிழவிக்கு உண்டா என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

ஆகவே டாப்ளர் ராடார் இன்னும் ஒன்று வேண்டும் என்ற கோரிக்கைக்கு நானும் கையெழுத்துப் போடுவேன், போட்டிருக்கிறேன். ஆனால் அதோடு வேறு சிலவற்றையும் கேட்க வேண்டும். அதி கனமழைக்கு மேலே 30க்கும் 50க்கும் தனித்தனிச் சொல் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எந்தத் தெரு காலியாக வேண்டும் என்ற பட்டியலோடு. அணை மட்டம் போடுகிற கட்டத்துக்குப் பக்கத்தில் 53 குளங்களின் மட்டமும் தினசரி வர வேண்டும். மழைக்காலத்தில் ஒவ்வொரு கரையிலும் சம்பளத்துக்கு ஒரு ஆள் நடக்க வேண்டும், எந்தச் சாதிக்காரர் என்று பார்க்காமல். சத்தம் மாறினால் யாரையும் கேட்காமல் மடையைத் திறக்கவும், கீழ்ப்பக்கத்து ஊரைக் கிளப்பவும் அவருக்கு எழுத்துபூர்வமான அதிகாரம் வேண்டும். திறந்தது தேவையில்லாமல் போய்விட்டால் மறுநாள் அவரிடம் விளக்கம் கேட்டு மெமோ வரக்கூடாது. இந்தக் கடைசி வரியை ஒரு மனுவில் எழுதினபோதுதான் நண்பர் ஒருவர், இதை மட்டும் எடுத்துவிடலாம், மற்றதுக்கு ஒத்துக்கொள்வார்கள் என்றார்.